செட்டியார் தெரு: ஒரு வணிக வீதியின் சமூக வரலாறு

கொழும்பு மாநகரின் புறக்கோட்டைப் பகுதியிலுள்ள ஒரு தெருவை ஆங்கிலத்தில் 'சீ ஸ்ட்ரீட்' என்பர். கடற்றெரு என்று பொருள்படும் அப்பெயர் ஒல்லாந்தர் காலப் பெயரின் வழி வந்தது. அதே தெரு தமிழில் செட்டியார் தெரு எனவும், சிங்களத்தில் 'ஹெட்டி வீதிய' எனவும் வழங்குகின்றது. ஆட்சியாளர் நிலத்தின் அமைவைக் கொண்டு பெயரிட்டனர். அத்தெருவிற் கொடுக்கல் வாங்கல் செய்த மக்கள், அங்கிருந்தோரைக் கொண்டு பெயரிட்டனர். ஆயின், இன்று இவ்விரு பெயர்களும் தமக்குரிய பொருளைப் பெரிதும் இழந்து நிற்கின்றன. 1875இல் தொடக்கப்பெற்று 1885இல் நிறைவெய்திய தென்மேற்கு அலைதடுப்பும், அதனைத் தொடர்ந்து விரிவுற்ற துறைமுகமும் தெருவுக்கும் திறந்த கடலுக்குமிடையே வந்து நின்றன. செட்டியார்களிற் பெரும்பாலோரும் இருபதாம் நூற்றாண்டின் நடுக்கூறளவில் நாட்டைவிட்டு நீங்கினர். கடலும் விலகிற்று, செட்டியார்களும் விலகினர். அவ்வாறாயின் இத்தெருவில் நிலைத்து நின்றோர் யாவர்? அவர்கள் பெயரால் இத்தெரு ஏன் அழைக்கப்படவில்லை? இவ்வினாக்களை முன்வைத்தே செட்டியார் தெருவின் வரலாற்றை இங்கு நோக்க முற்படுகின்றோம்.

1. தெருவும் அதன் சூழலும்

கோட்டைக்குப் புறத்தே அமைந்தமையாற் புறக்கோட்டை எனப் பெயர் பெற்ற இப்பகுதி, ஒல்லாந்தர் காலத்திற் பெரும்பாலும் குடியிருப்பாகவே விளங்கியது. பிரின்ஸ் வீதியில் இன்று ஒல்லாந்தர் நூதனசாலையாக உள்ள மாளிகை அக்காலத்தை நினைவூட்டுவதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பெருந்தோட்டங்களும், அவற்றின் வழிப் பெருகிய இறக்குமதியும், துறைமுகத்தின் வளர்ச்சியும் இக்குடியிருப்பை வணிக நிலையமாக மாற்றின. உயர்குடியினர் வேறிடங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்தம் இல்லங்கள் கடைகளாகவும் பண்டசாலைகளாகவும் மாறின.

தெருவின் தென்புறத்தே, பிரதான வீதி முடியுமிடத்திற் கெய்மன் வாயில் என்னும் பழைய எல்லை உண்டு. அதனருகே 1873இல் எழுந்த பழைய நகரமண்டபம் உள்ளது. 1928இல் நகராட்சி கறுவாத் தோட்டப் பகுதியில் எழுந்த புதிய வெண்ணிற மண்டபத்துக்குப் பெயர்ந்தமை, நகரத்தின் அதிகார மையம் உழைக்கும் மக்களின் நெரிசலிலிருந்து விலகிச் சென்றமையின் ஓர் அடையாளம் எனலாம். சற்றுத் தள்ளி இரண்டாம் குறுக்குத் தெருவில், செந்நிறமும் வெண்ணிறமும் கலந்து 1909இல் எழுந்த ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் நிற்கின்றது. வடபுறத்தே கொச்சிக்கடைப் பகுதியிற் புனித அந்தோனியார் தேவாலயமும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு தொடக்கம் 1912ஆம் ஆண்டு வரையிற் கருங்கல்லாற் புதுக்குவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் உள்ளன. தெருவினுள்ளேயே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் அமைந்துள்ளன.

இவையனைத்தும் வழிகாட்டி நூல்களிற் காணத்தக்க செய்திகளே. ஆயின், கட்டடங்களை மட்டும் எண்ணிச் செல்வது ஒரு தெருவின் வரலாறாகாது. இக்கட்டடங்களை எழுப்பிய செல்வம் எவ்வழி வந்தது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.

2. எந்தச் செட்டியார்?

இவ்விடத்து ஒரு தெளிவு அவசியமாகும். கொழும்புச் செட்டிகள் எனப்படுவோரும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் ஒரே கூட்டத்தினர் அல்லர். முன்னையோர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிலேயே இந்நாட்டில் நிலைகொண்டவர்கள். அவர்களுட் பலர் கிறித்தவம் தழுவினர். அரச சேவையிலும் கல்வியிலும் இடம்பெற்றனர். 1834இல் இலங்கை பற்றிய 'கசெற்றியர்' என்னும் இடவிவரத் திரட்டையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்துத் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி இம்மரபினரே.

செட்டியார் தெருவோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்தவர்களோ பின்னையோர், அதாவது செட்டிநாட்டிலிருந்து வந்த நகரத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளில், பிரித்தானிய ஆட்சி விரிந்த வழியே அவர்தம் வணிகமும் விரிந்தது. அவர்கள் இங்கு குடியேறியோர் அல்லர். குடும்பம் ஊரில் இருக்க, முதலாளியின் முகவர் சில ஆண்டுத் தவணைக்கு வந்து தொழில் நடத்திவிட்டு மீளுவார். 'கிட்டங்கி' எனப்பட்ட நீண்ட கூடத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பெட்டியும் கணக்கெழுதும் மேசையும் பாயுமே இடம். பகலில் அதுவே கடை. இரவில் அதுவே படுக்கை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் படிநிலையில், சிறுவனாகச் சேர்ந்தவன் கணக்கும் வட்டியும் பயின்று உயர்ந்தான். உறவும் சாதியும் இங்கு வெறும் பண்பாட்டுக் கூறுகளாக இருக்கவில்லை. கடனுக்குப் பிணையாகவும் நிறுவன ஒழுங்காகவும் அவை தொழிற்பட்டன.

3. மூலதனத்தின் இடைப்படி

செட்டியாரைக் கொடிய வட்டிக்காரராகக் காட்டும் சித்திரம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்ததொன்று. அதில் உண்மையே இல்லையென்று கூறுவது எமது நோக்கமன்று. வட்டி வட்டியே, அதனாற் காணி இழந்தோர் பலர். ஆயின், இச்சித்திரம் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கின்றது என்பதே எமது வாதம்.

கொழும்புக் கோட்டையில் இருந்த பிரித்தானிய வங்கிகள் ஏற்றுமதி இறக்குமதி நிறுவனங்களுக்கும் ஐரோப்பியத் தோட்டங்களுக்குமே பணிபுரிந்தன. சுதேச வணிகனோ சிறு தோட்ட உடைமையாளனோ அவற்றின் வாயிலை மிதிப்பது அரிது. அவனது மொழியை அறியாத, அவனது காணியுறுதியை மதிக்காத வங்கி, செட்டியாருக்குக் கடன் கொடுத்தது. செட்டியார் தமது முதலோடு அப்பணத்தையும் சேர்த்து, உயர்ந்த வட்டிக்கு உள்ளூரவருக்குக் கொடுத்தார். 'ஷ்ராப்' எனப்பட்ட வங்கியின் பிணையாளர் இவ்விருவருக்குமிடையே நின்றார். இவ்வாறு இலண்டனிற் பங்குதாரர் பெற்ற இலாபத்தின் ஒரு பகுதி, செட்டியார் தெருவிற் பாயில் அமர்ந்து எழுதப்பட்ட வட்டிக் கணக்கிலிருந்தே சென்றது. இழப்பின் ஆபத்தும் மக்களின் வெறுப்பும் மட்டும் இடையில் நின்றவரிடம் விடப்பட்டன.

வட்டி மூலதனம் பழைய உற்பத்தி முறையை உறிஞ்சுமேயன்றிப் புதியதொன்றைத் தானாக உருவாக்காது என்பது மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் விளக்கும் உண்மையாகும். செட்டியார் தெருவிற் குவிந்த பணம் ஆலைத்தொழிலாகப் பெரிதும் உருமாறாமைக்கு இதுவே அடிப்படை. குடியேற்ற ஆட்சியின் பொருளாதார அமைப்பு அவ்வுருமாற்றத்துக்கு இடமளிக்கவுமில்லை.

எனினும், அச்செல்வம் பண்பாட்டுத் துறையிற் சில தடங்களைப் பதித்தது. வணிகத்தின் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிக் கோயில்களை எழுப்பி நடத்துவது நகரத்தார் மரபு. ஆடி வேல்விழாவிற் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குச் செல்லும் வேல் இரதம், கொழும்பின் எல்லா இன மக்களும் கண்டுகளித்த ஊர்வலமாயிற்று. 1870களிற் கொள்ளைநோய் அச்சத்தால் அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தியமையோடு இவ்விழாவின் தோற்றத்தைத் தொடர்புபடுத்துவர். அச்சுத்துறையிலும் இத்தொடர்பைக் காணலாம். 1930இல் 'வீரகேசரி' நாளிதழைத் தொடங்கியவர் நகரத்தார் மரபினரான சுப்பிரமணியச் செட்டியார். மணிக்கொடி எழுத்தாளர் வ.ரா. அதன் ஆசிரியராகச் சிலகாலம் பணியாற்றினார். வணிக மூலதனம் வாசகர் கூட்டமொன்றை உருவாக்கத் துணைபோன வரலாறு, ஈழத்து இலக்கிய ஆய்வாளர் மேலும் கவனிக்க வேண்டியதொன்றாகும்.

4. நெருக்கடியும் பகையும்

1925இற் செட்டியார் நிறுவனமொன்றின் நொடிப்பைத் தொடர்ந்து, வங்கிகள் தம் கடன் வசதியைக் குறுக்கின. நான்கு ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. இறப்பர், தெங்கு விலைகள் வீழ்ந்தன. ஈடுவைத்த காணிகளை மீட்கவியலாத உடைமையாளர் அவற்றைச் செட்டியாரிடம் இழந்தனர். நெருக்கடியின் மூலம் உலகச் சந்தையில் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததோ செட்டியாரின் முகம். உள்ளூர் முதலாளி வர்க்கம் இவ்வெறுப்பைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தியது. 1934இல் அமைந்த வங்கி ஆணைக்குழுவின் விதப்புரைகளின் பின், 1939இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. அது காலத்தின் தேவையே. ஆயின், கடனுக்குரிய அமைப்பு மாறியபோதும் பகைக்குரிய இலக்கு மாறவில்லை.

இடதுசாரிகளாகிய நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டியதொன்றும் இங்குண்டு. 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தையும் 1929ஆம் ஆண்டு டிராம் வேலைநிறுத்தத்தையும் நடத்திய ஏ. ஈ. குணசிங்கவின் தொழிலாளர் இயக்கமே, 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான பிரசாரத்தில் இறங்கியது. மூலதனத்தின் மீது எழவேண்டிய கோபம் சக தொழிலாளி மீது திருப்பப்பட்டது. 'இந்தியன்' என்னும் ஒரே சொல், வட்டிக்குப் பணம் கொடுத்தவரையும் மூட்டை சுமந்தவரையும் ஒரே தட்டில் நிறுத்திற்று. அச்சொல்லின் அரசியல் விளைவே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம். வசதி படைத்த செட்டியார்கள் தம் முதலை எடுத்துக்கொண்டு ஊர் மீள முடிந்தது. பெருந்தோட்டத் தொழிலாளர்க்கோ மீள ஊரில்லை, அவர்கள் நாடற்றவராயினர். ஒரே பகையுணர்வு இரு வர்க்கங்களை எத்துணை வேறுபட்ட முறையிற் பாதித்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5. பொன்னும் உழைப்பும்

செட்டியார்களின் கிட்டங்கிகள் ஒடுங்க, நகைக் கடைகளே தெருவின் முகமாயின. நாட்டின் தங்க விலையை அறிவிக்கும் செய்திகள் இன்றும் செட்டியார் தெரு விலையையே எடுத்துக் கூறுகின்றன. கண்ணாடிப் பெட்டிகளின் ஒளியைக் கடந்து, ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் மாடியறைகளிலும் உள்ள பட்டறைகளை நோக்குவோமாயின், இத்தெருவை உண்மையில் இயக்குவோரைக் காணலாம். கடைக்காரரிடம் பொன்னை நிறுத்து வாங்கி, தம் சொந்தக் கருவிகளால் வேலைசெய்து, செய்கூலி பெறுபவர் பத்தர். பொன் அவருடையதன்று, நகையும் அவருடையதன்று. உருக்குகையிலும் அராவுகையிலும் குறையும் பொன்னுக்குச் சேதாரம் என்று கணக்குண்டு. அக்கணக்கிற் பிழைத்தால் இழப்பு அவருடையது. பட்டறைப் புழுதியையும் வீசிவிடாது கூட்டிச் சேர்த்து, அரித்துப் பொன்துகள் எடுப்பர். வார்ப்பு நகைகளும் இயந்திர நகைகளும் பெருகப் பெருக, இக்கைவினையாளரின் கூலி மேலும் நெருக்குண்கின்றது. வெளியே தெருவிற் கைவண்டி தள்ளும் நாட்டாமிகளும், காலை முதல் இரவு வரை நிற்கும் கடைச் சிப்பந்திகளும் இவர்களோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியோரே.

1983ஆம் ஆண்டு ஜூலையிற் புறக்கோட்டைத் தமிழர் கடைகள் கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டபோது, செட்டியார் தெருவும் தப்பவில்லை. பல பத்தாண்டுகளாக வளர்க்கப்பட்ட 'சுரண்டும் தமிழ் வணிகன்' என்னும் படிமம் அன்று தீப்பந்தமாயிற்று. எரிந்தவை முதலாளிகளின் கடைகள் மட்டுமல்ல. பத்தரின் கருவிகளும், சிப்பந்தியின் வேலையும், அதனை நம்பியிருந்த குடும்பங்களின் அடுப்பும் எரிந்தன. முதலுள்ள பலர் மீண்டும் கடை திறந்தனர். கூலிக்கு உழைத்தோரின் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. தடைப்பட்ட வேல்விழா சில ஆண்டுகளின் பின் மீண்டது. இன்று தமிழரோடு முஸ்லிம்களும் சிங்களவரும் இத்தெருவில் வணிகம் செய்கின்றனர், பட்டறைகளிலும் உழைக்கின்றனர்.

2022ஆம் ஆண்டில் இந்நாடு வெளிநாட்டுக் கடனை மீளச் செலுத்த இயலாதென அறிவித்த காலத்தில், எல்லா இனத்துக் குடும்பங்களும் காதிலும் கழுத்திலும் கிடந்ததை அடகுவைத்தும் விற்றும் அரிசி வாங்கின. கடன் கொடுத்தவர் அப்போதும் கண்ணுக்கெட்டாத தூரத்திலேயே இருந்தனர். 1930களில் வங்கியை மறைத்துச் செட்டியாரைக் காட்டிய அதே நாடகம் வேறு வேடங்களில் மீண்டும் அரங்கேறுவதற்குரிய சூழல் இது. யார் மீது கோபங்கொள்வது என்பதை இனத்தைக் கொண்டு தீர்மானிக்கும் சமுதாயம், தன்னைச் சுரண்டுவோரை ஒருபோதும் அடையாளங் காணாது. செட்டியார் தெருவின் வரலாறு எமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

கடல் தந்த பெயரும் செட்டியார் தந்த பெயரும் இத்தெருவுக்கு நிலைத்துவிட்டன. உழைப்பவர் தரும் பெயரொன்று அதற்கு இன்னும் கிடைக்கவில்லை. பெயர்ப்பலகையை மாற்றுவதனால் மட்டும் அது கிடைத்துவிடாது. பட்டறைகளில் எஞ்சியுள்ள முதிய பத்தர்களின் வாய்மொழி வரலாறுகளையும், தொழிற்சொற்களையும், கணக்குக் குறிப்புகளையும் அவை மறையுமுன் திரட்டுவது அதற்குரிய முதற்படியாகும். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் இப்பணியில் ஈடுபடுவராயின், ஏட்டுக் கல்விக்கும் மக்களின் வாழ்வுக்குமிடையேயுள்ள தூரம் சிறிதேனும் குறையும்.