மான் கறியும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் வழியாக மைசூர் செல்லும் பேருந்தில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். பண்ணாரி கோயிலைத் தாண்டியதும் சன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டி வெளியே பார்ப்பார்கள். புள்ளிமான்கள் சாலையோரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு பயணத்தில் என் பின் இருக்கையில் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டது இது.

"மான் கறியாட்ட வருமுங்களா? வெண்ணெயாட்டக் கரையுமுன்னு எங்கப்பாரு சொல்லுவாருங்க."

"அட போங்க. எங்க ஊட்ல ஒருக்கா ஆக்குனாங்களாமா. தேங்கா நாராட்டப் பல்லுல மாட்டிக்கிச்சுன்னு எங்காத்தா கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்துச்சுங்க."

இருவரில் யார் சொன்னது சரி? சோதித்துப் பார்க்க இன்று வழியில்லை, இருக்கவும் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது மட்டுமல்ல, அதன் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் திரியும் வெளிமானைக் கொன்றவருக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆயினும் கேள்விக்கு விடை இருக்கிறது. அந்த விடை உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேகும் ஆட்டுக்கறிக்கும் பொருந்தும். இரண்டு பெரியவர்களும் சொன்னது உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் அதில் வேடிக்கை.

கறி என்பது என்ன? பெரும்பகுதி தசை. தசை மெல்லிய இழைகளால் ஆனது. ஓர் இழையின் பருமன் நம் தலைமயிரின் பருமனை ஒத்திருக்கும். இந்த இழைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு கட்டுக்கும் உறை போட்டு, எல்லாக் கட்டுகளையும் மீண்டும் ஒரு பெரிய உறைக்குள் வைத்திருக்கிறது இயற்கை. இந்த உறை, கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. கறி கடினமாக இருந்தால் குற்றவாளி இரண்டில் ஒன்று: உறையாக இருக்கும், அல்லது இழையாக இருக்கும். இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் பல புதிர்கள் விடுபடும்.

முதலில் உறை. காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். அதில் நாள் முழுவதும் நடந்து மேயும் மேச்சேரி ஆட்டின் காலிலும் கழுத்திலும் உறை தடித்திருக்கும். அதே ஆட்டின் முதுகெலும்பை ஒட்டிய தசையில் மெல்லியதாக இருக்கும். எந்தத் தசை அதிகம் உழைக்கிறதோ அதில் கொலாஜன் அதிகம். வயதும் சேர்ந்துகொள்கிறது. குட்டியின் கொலாஜன் சூட்டில் எளிதாகக் கரையும். வயது ஏற ஏறக் கொலாஜன் நூல்களுக்கு இடையே குறுக்குப் பாலங்கள் விழுந்து, அது கரைய மறுக்கிறது. இளங்கறி ஒரு கொதியிலும் கிழட்டுக் கறி ஒரு பொழுதிலும் வேகக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கில் மான் தோற்பதில்லை. மானின் தசை இழைகள் மெல்லியவை. இளம் மானின் முதுகுத் தசையில் கொலாஜனும் குறைவு. நியூசிலாந்தில் 1970களிலிருந்து செம்மான்களைப் பண்ணைகளில் ஆடு மாடு போல வளர்க்கிறார்கள். அங்கே முறையாக அறுக்கப்பட்ட மானின் கறி மாட்டுக்கறியைவிட மிருதுவானது என்று பெயர் வாங்கியிருக்கிறது. அப்படியானால் தேங்காய் நார் எங்கிருந்து வந்தது?

விலங்கின் கடைசி ஒரு மணி நேரத்தைப் பார்க்க வேண்டும்.

உயிருள்ள தசை தன் உழைப்புக்குரிய எரிபொருளைக் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாகச் சேர்த்து வைத்திருக்கிறது. தசையின் எடையில் ஏறத்தாழ 1 சதவீதந்தான். ஆனால் கறியின் தலைவிதி அதில் இருக்கிறது. விலங்கு இறந்து இரத்த ஓட்டம் நின்ற பிறகும் தசை உடனே ஓய்வதில்லை. பிராணவாயு இல்லாத நிலையில் கிளைக்கோஜனைச் சிதைத்து லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டே போகிறது. அமிலத்தை அளக்க விஞ்ஞானிகள் பயன்படுத்தும் பி.எச். என்ற அளவில், உயிருள்ள தசை 7ஐ ஒட்டி இருக்கும். ஓய்வாக இருந்து இறந்த விலங்கின் தசையில் அது மெல்ல மெல்ல 5.5 வரை இறங்கும். அமிலம் ஏறிய இந்தக் கறிதான் செந்நிறமாக, நல்ல மணத்துடன், எளிதில் கெடாமல் இருக்கும்.

நாய்களால் துரத்தப்பட்டு, காயம்பட்டு, மைல் கணக்கில் ஓடி விழுந்த மானை இப்போது எண்ணிப் பாருங்கள். எரிபொருள் முழுவதும் ஓட்டத்திலேயே தீர்ந்துவிட்டது. இறந்த பின் அமிலமாக மாற என்ன இருக்கிறது? பி.எச். 6க்கு மேலேயே நின்றுவிடுகிறது. கறி கருத்துப் போகிறது. மிக உயர்வாக, 6.2க்கும் மேல் நின்றால், கறி மெல்லக் கடினமாக இராது. ஆனால் பிசுபிசுப்பாக, மணமின்றி, பாக்டீரியாக்களுக்குப் பிடித்த விருந்தாக இருக்கும். 5.8க்கும் 6.2க்கும் நடுவில் திரிசங்காக நின்ற கறிதான் எல்லாவற்றிலும் கடினம். சுவீடனில் துருவ மான்களை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்கூடாகக் கண்டார்கள். பழைய வழக்கப்படி சுருக்குக் கயிறு வீசிப் பிடித்து இழுத்து வந்த மான்களின் தசையில் கிளைக்கோஜன் வறண்டிருந்தது.

வெண்ணெய் என்று சொன்ன பெரியவரின் பாட்டனார், மேய்ந்துகொண்டிருந்தபடியே ஒரு நொடியில் விழுந்த இளம் மானைத் தின்றிருக்க வேண்டும். மற்றவர் வீட்டுக்கு வந்தது துரத்தி அடித்த மானாக இருக்கலாம்.

இதை மான் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூலனூரை அடுத்த கன்னிவாடிச் சந்தையில் வாங்கிய ஆடுகளைச் சிறு சரக்கு வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்து, வெயிலில், தண்ணீர் காட்டாமல் கொண்டு வந்து அன்றிரவே அறுத்தால் நடப்பதும் இதேதான். பயமும் பசியும் நடுக்கமும் கிளைக்கோஜனைத் தின்றுவிடும். ஆடு போன்ற அசைபோடும் பிராணிகளில் அந்த இருப்பு மீண்டும் நிரம்பச் சில நாட்கள் ஆகும். வாயில்லாச் சீவனுக்குச் செய்த கொடுமைக்குத் தட்டில் கணக்குத் தீர்க்கப்படுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொடுமை செய்தவர் ஒருவர், தின்பவர் வேறொருவர் என்பதுதான் இதில் அநியாயம்.

அடுத்தது, இறந்த பின் வரும் முதல் சில மணி நேரம். நம் வீடுகளில் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

தசை இழைக்குள் இரண்டு வகைப் புரத நூல்கள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நுழைவதால்தான் தசை சுருங்குகிறது. அவை பிடியை விட்டு விலகவும் சக்தி வேண்டும். இறந்த தசையில் சக்தி தீர்ந்ததும், நூல்கள் பிடித்த பிடியில் உறைந்துவிடும். இதுவே சாவு விறைப்பு. ஆட்டில் இது முழுமை அடையச் சில மணி நேரம் ஆகும். நம் ஊர் வெப்பத்தில் விரைவாகவே வரும். எந்த நீளத்தில் தசை உறைகிறது என்பதே கேள்வி. நீண்ட நிலையில் உறைந்தால் மிருது. சுருங்கிய நிலையில் உறைந்தால் கட்டை.

நியூசிலாந்தில் லாக்கர், ஹேகியார்டு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1963இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். விறைப்பு வருமுன் தசையை 10 டிகிரி செண்டிகிரேடுக்குக் கீழே குளிர்வித்தால், அது உயிருள்ளது போலவே சுருங்குகிறது. பாதி நீளத்துக்கு வந்துவிடுவதும் உண்டு! ஆட்டுக்குட்டிக் கறியை உறைய வைத்துக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு விற்ற நாடு அது. இளங்குட்டியின் கறி செருப்புத் தோல் போல இருக்கிறது என்ற புகார்களுக்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. கறியைச் சுத்தமாகவும் விரைவாகவும் குளிர்வித்த நல்ல எண்ணமே வினையாயிற்று. பின்னர், அறுத்த உடலில் சிறிது நேரம் மின்சாரம் பாய்ச்சி, மிச்சச் சக்தியைத் தீர்த்து, விறைப்பை விரைவில் வரவழைத்து, அதன் பிறகு குளிர்விக்கும் முறையைக் கண்டார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். அதிகாலை 4 மணிக்கு அறுத்த ஆடு. 6 மணிக்குக் கடையில் வரிசையில் நின்று, எலும்பிலிருந்து பிரித்துத் துண்டு போட்ட கறியை வாங்குகிறீர்கள். மாலை விருந்தாளிகள் வருகிறார்கள் என்று உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறீர்கள். எலும்போடு இணைந்திருந்தாலாவது தசையால் அதிகம் சுருங்க முடியாது. துண்டாகிய தசையைத் தடுக்க எதுவுமில்லை. ஆட்டுக்கறியில் கொழுப்புப் போர்வையும் குறைவாதலால் விரைவில் குளிர்ந்து சுருங்கிவிடுகிறது. உறைபனி அறையிலேயே வைத்துவிட்டால் இன்னும் மோசம். வெளியே எடுத்துப் பனி உருகும்போது தசை வெறி பிடித்தாற்போல் சுருங்கிச் சாறு முழுவதையும் கக்கிவிடும். மாலையில் கறி வேகவில்லை. கடைக்காரர் கிழட்டு ஆட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று ஒரு பேச்சு. மருமகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று இன்னொரு பேச்சு.

கிடா வெட்டு விருந்தில் இந்தத் தொல்லை இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் தெளித்து, ஆடு தானாகச் சிலிர்க்கும் வரை காத்திருந்து வெட்டுகிறார்கள். வெட்டிய கையோடு அண்டாவில் போட்டு விடுகிறார்கள். விறைப்பு வருமுன்பே கறி கொதிநிலையை எட்டிவிடுகிறது. ஆகவே இரண்டு வழிகள் உண்டு. வாங்கியவுடன் சமைத்துவிடலாம். மறுநாளைக்கு வேண்டுமென்றால் துண்டு போடாத முழுத் தொடையாக, எலும்போடு வாங்கிக் குளிரில் ஒருநாள், இருநாள் வைத்திருந்து பிறகு வெட்டலாம். அந்த இடைவெளியில் தசையிலேயே உள்ள நொதிகள் இழைகளை ஆங்காங்கே கத்தரித்து விறைப்பைத் தளர்த்திவிடும். மேல் நாடுகளில் மாட்டுக்கறியை 10, 14 நாட்கள் குளிரில் தொங்கவிடுவது இதற்காகவே. மான் கறிக்கு அத்தனை நாட்கள் தேவைப்படுவதில்லை.

சுவைக்கு வருவோம். காட்டு வாடை, கவிச்சி என்றெல்லாம் சொல்கிறோமே, அது பெரும்பாலும் கொழுப்பில் இருக்கிறது. கிடாயின் தனி வாடைக்குக் காரணம் கிளைச்சங்கிலி கொண்ட சில கொழுப்பு அமிலங்கள். பருவம் வந்த கிடாயில் அவை மிகும். நம் ஊர்களில் கிடாய்க்கு இளமையிலேயே காயடித்து வளர்ப்பவர்கள் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் செய்வது சரியான வேதியியல். இணை சேரும் பருவத்து ஆண் மானின் கறிக்கும் இந்தக் குறை உண்டு. மான் கறி மிக மெலிந்தது. 100 கிராமில் கொழுப்பு 2, 3 கிராம்தான். இருக்கும் கொழுப்பும் சற்று ஆறினாலே மெழுகாக உறைந்து அண்ணத்தில் ஒட்டும். தசைக்குச் செந்நிறம் தரும் மயோகுளோபின் மிகுதியாக இருப்பதால் இரும்புச் சுவை தூக்கலாகத் தெரியும். இவற்றோடு பழங்கால வேட்டையில் குடலை எடுக்காமல் வெயிலில் மணிக்கணக்கில் தோளில் சுமந்து வந்த பிழையும் சேர்ந்திருக்கும். வயிறு உப்பி, குடல் வாடை கறியில் இறங்கிவிடும். அதை மறைக்கத்தான் மிளகும் மல்லியும் அவ்வளவு அரைத்தார்களோ என்னவோ!

அடுப்பில் செய்யக்கூடியது கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கொலாஜன் 60 டிகிரிக்கு மேல் சுருங்கி, 80 டிகிரிக்கு மேல் நீரோடு நெடுநேரம் இருந்தால் கரைந்து வழவழப்பான ஜெலட்டின் ஆகும். பிரஷர் குக்கரில் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி வரை உயர்வதால் வேலை விரைவில் முடிகிறது. ஆனால் குக்கர் உறையைத்தான் கரைக்கும். சுருங்கி உறைந்த இழையை அது மேலும் பிழிந்து வறட்டும். காலும் கழுத்தும் குக்கருக்கு ஏற்றவை, முதுகுத் தசை அல்ல.

இழையை இளக்க நம்மிடம் உள்ள ஒரு கருவி பப்பாளிக் காயின் பால். அதிலுள்ள பப்பெய்ன் என்ற நொதி புரதங்களைத் துண்டாக்குகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5 ஆகிய பப்பாளி இரகங்கள் இந்தப் பால் எடுப்பதற்கும் பயன்படுபவை. காயின் தோலைக் காலையில் இலேசாகக் கீறி, வடியும் பாலைச் சேர்த்து உலர்த்துகிறார்கள். இந்த நொதி மும்முரமாக வேலை செய்வது 60 முதல் 70 டிகிரி சூட்டில். கொதிக்கத் தொடங்கினால் அழிந்துவிடும். ஆதலால் பச்சைப் பப்பாளி விழுதைத் தடவிய கறியை எடுத்த எடுப்பில் கொதிக்கும் குழம்பில் போட்டுவிடாமல், குளிர்ந்த நீரில் வைத்து அடுப்பை மெல்ல ஏற்றுங்கள். ஒரு கிலோ கறிக்கு ஒரு தேக்கரண்டி விழுது, அரை மணி நேரம் போதும். ஆசைப்பட்டு அள்ளிப் போட்டு இரவெல்லாம் ஊறவைத்தால், மறுநாள் சட்டியில் கறி இராது, கூழ்தான் இருக்கும்.