மலை ஏற எவ்வளவு வேர்க்கடலை?

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ளது திருக்கழுக்குன்றம். அங்குள்ள மலைக்கோயிலை அடைய 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறவேண்டும். இதற்கு நம் உடலுக்கு எவ்வளவு ஆற்றல் தேவை? கணக்கிட்டுப் பார்ப்போமா?

50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம் (9.8), உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் 49,000 ஜூல் கிடைக்கும். இது ஏறத்தாழ 12 கிலோ கலோரி. ஆனால் நம் தசைகள் உணவின் ஆற்றலில் சுமார் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன. எஞ்சியது வெப்பமாகிறது. படியேறும்போது வியர்ப்பது இதனால்தான். ஆகவே சுமார் 50 கிலோ கலோரி வேண்டும். வறுத்த வேர்க்கடலை 10 கிராம் இருந்தாலே இது கிடைத்துவிடும்!

சிறு பருப்பில் இவ்வளவு ஆற்றல் எப்படி வந்தது? வேர்க்கடலையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். மாவுச்சத்தும் புரதமும் 4 தரும். நீர் எதுவும் தராது. 100 கிராம் வறுத்த வேர்க்கடலையில் சுமார் 570 கிலோ கலோரி இருக்க, அதே எடையுள்ள வேகவைத்த கடலையில் சுமார் 320 தான் உண்டு. வெந்த கடலையில் நீர் மிகுந்திருப்பதே காரணம். அது விரைவில் கெட்டும்போகும்.

மேலை நாடுகளில் மலையேறுவோர் கொட்டைப் பருப்புகளையும் உலர்ந்த பழங்களையும் கலந்து, ‘டிரெயில் மிக்ஸ்’ என்று எடுத்துச் செல்கிறார்கள். நமக்கு மளிகைக் கடையே போதும். வறுத்த வேர்க்கடலை 50 கிராம், பொட்டுக்கடலை 25 கிராம், பொடித்த வெல்லம் 25 கிராம் கலந்தால் சுமார் 470 கிலோ கலோரி கிடைக்கும். வெல்லத்தின் சர்க்கரை விரைவில் இரத்தத்தில் சேரும். பொட்டுக்கடலையின் மாவுச்சத்து சற்று மெதுவாகச் செரிக்கும். கொழுப்பு நெடுநேரம் தாங்கும். நாள் முழுதும் நடப்பவர்களுக்கு இது ஏற்றது. குறுகிய ஏற்றத்துக்கு ஒரு பிடி போதும். மிகுதியானது உடலில் கொழுப்பாகச் சேரும்.

கடற்கரைப் பகுதியில் ஓர் எச்சரிக்கை தேவை. வெல்லம் காற்றின் ஈரத்தை ஈர்த்துப் பிசுபிசுக்கும், கடலையும் நமுத்துப்போகும். ஈரம்பட்ட கடலையில் ‘ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்’ என்னும் பூஞ்சை வளர்ந்து, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கலாம். இது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. வறுத்தாலும் முழுமையாக அழியாது. எனவே கலவையைக் காற்றுப் புகாத, உலர்ந்த டப்பாவில் வையுங்கள். பூஞ்சை பிடித்த, நிறம் மாறிய, கசக்கும் பருப்புகளைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் இக்கலவையைத் தொடவே கூடாது.

குடிநீரை மறவாமல் தனியே எடுத்துச் செல்லுங்கள். உங்கள் எடைக்கு எத்தனை கிராம் கடலை தேவை என்று இப்போது கணக்கிட்டுப் பாருங்கள்!