இன்ஜின் நல்லாதான் இருக்கு... ஆனா லாரி ஏன் இழுக்கல?

நாமக்கல்லில் லோடு ஏற்றிய ஒரு லாரி பெங்களூருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டேஷ்போர்டில் நேற்றிலிருந்தே ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. தொப்பூர் மேட்டில் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. டீசல் இருக்கு, ஆயில் இருக்கு, இன்ஜின் சத்தத்திலும் வித்தியாசம் இல்லை. வந்து பார்த்த மெக்கானிக் சொல்கிறார்: “இன்ஜின்ல ஒண்ணும் இல்லண்ணே... சென்சார்தான் ஏதோ சொல்லுது.”

அந்த சென்சார் யாரிடம், என்ன சொல்கிறது?

லாரிக்குள் ஒரு வாட்ஸ்அப் குரூப்

இன்றைய கனரக வாகனத்தில் இன்ஜின், பிரேக், டேஷ்போர்டு, புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கன்ட்ரோல் யூனிட் உண்டு. இவை எல்லாம் பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டே வயர்கள் வழியாகத்தான். இதன் பெயர் ‘கேன்’. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் வேலையைத் தொடங்கி, 1986-ல் அறிமுகப்படுத்திய தொழில்நுட்பம் இது.

வயர் மட்டும் போதாது, எல்லோருக்கும் பொதுவான பாஷையும் வேண்டும். லாரி, பஸ், டிராக்டர்களில் பரவலாகப் பயன்படும் அந்தப் பாஷைதான் ‘ஜே1939’. இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால், வயரில் போகும் எண் 12,000. அதை 0.125-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பது எல்லா யூனிட்டுக்கும் தெரியும். ஒருவர் போடும் மெசேஜ் குரூப்பில் எல்லோருக்கும் போகும், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவசரமான மெசேஜுக்கே முதல் வழி. மற்றது காத்திருக்கும்.

வண்டி ஏன் தானாக அடங்குகிறது?

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. பெரும்பாலான புதிய லாரிகளில் யூரியா கரைசலைப் புகையில் தெளித்து, நைட்ரஜன் ஆக்ஸைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறார்கள். அது சரியாக நடக்கிறதா என்று சைலன்ஸர் பக்கம் இருக்கும் நாக்ஸ் சென்சார் கவனிக்கிறது. இந்த சென்சாருக்கே சொந்தமாக ஒரு குட்டி கன்ட்ரோல் யூனிட் உண்டு. யூரியா தீர்ந்தாலோ, சென்சாரிடமிருந்து தகவல் வராமல் போனாலோ முதலில் எச்சரிக்கை விளக்கு எரியும். தொடர்ந்து கண்டுகொள்ளாமல் ஓட்டினால், இன்ஜினின் இழுவையை கன்ட்ரோல் யூனிட்டே குறைத்துவிடும்.

கோடு சொல்வது முகவரி மட்டுமே

பிரச்சினை வந்தால் ஸ்கேனரில் இரண்டு எண்கள் தெரியும். முதல் எண், ‘எந்த இடம்’. இரண்டாவது, ‘என்ன மாதிரி கோளாறு’. உதாரணமாக, 110 என்றால் கூலன்ட் வெப்பநிலை. கூடவே 0 வந்தால் இன்ஜின் உண்மையிலேயே கொதிக்கிறது; உடனே ஓரம் கட்ட வேண்டும். அதே 110-உடன் 3 வந்தால், சென்சார் லைனில் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். வயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம், சென்சாரே போயிருக்கலாம்.

முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு “சென்சாரை மாத்திடலாம்” என்று முடிவெடுக்கும்போதுதான் காசு வீணாகிறது. புது சென்சார் போட்ட பிறகும் அதே விளக்கு எரியும்.

மல்டிமீட்டர் இருந்தாலே ஒரு சோதனை செய்யலாம். கேன் வயரின் இரு முனைகளிலும் தலா 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு இரண்டு வயருக்கும் இடையே அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது ஒரு ரெசிஸ்டர் இல்லை. பூஜ்ஜியத்தை நெருங்கினால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பாடி கட்டும் பட்டறைகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பேட்டரியைக் கழற்றாமல் சேசிஸில் வெல்டிங் வைத்தால், அந்த மின்சாரம் கன்ட்ரோல் யூனிட்டுகளைப் பழுதாக்கிவிடலாம். அதனால்தான், வெல்டிங்குக்கு முன் பேட்டரியைத் துண்டிக்கச் சொல்கின்றன தயாரிப்பு நிறுவனங்கள்.

சாவி யார் கையில்?

கோளாறைக் கண்டுபிடித்தாலும் வேலை முடிவதில்லை. சில யூனிட்டுகளை மாற்றிய பிறகு, அவற்றை வண்டியோடு இணைக்க நிறுவனத்தின் சாஃப்ட்வேர் வேண்டும். அது ரோட்டோர மெக்கானிக்கிடம் இருக்காது. ‘பழுது பார்க்கும் உரிமை’க்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

ஒரு லாரி வைத்து ஓட்டும் உரிமையாளருக்கு இது வெறும் டெக்னாலஜி விவகாரம் இல்லை. வண்டி நின்றால் வாடகை நிற்கும், மாதத் தவணை நிற்காது. அடுத்த முறை மெக்கானிக் “சென்சார் போச்சு” என்றால், ஒரு கேள்வி கேட்கலாம்: “ரெண்டாவது நம்பர் என்னண்ணே?”