முதுகில் ‘டொக்’... உள்ளே என்ன நடக்குது தெரியுமா?

கயிற்றில் கழுத்தை வைத்துப் படுத்தால் தலைவலி போகுமா? போனதாம்! அமெரிக்கச் சிறுவன் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், ஏர்க்கயிற்றை இரண்டு மரங்களுக்கு நடுவே தரையை ஒட்டினாற்போலக் கட்டி, அதன்மேல் போர்வை நுனியைப் போட்டு, கழுத்தைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். எழுந்தால் வலியைக் காணோம்! வளர்ந்து வைத்தியரான அவர் வீட்டில் 1864-ல் மூளைக்காய்ச்சல் மூன்று குழந்தைகளைக் கொண்டுபோக, அன்றைய மருந்துகள் மேலிருந்த நம்பிக்கையும் போயிற்று. 1874-ல் அவர் அறிவித்த கை வைத்தியம்தான் ஆஸ்டியோபதி. 1892-ல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில்லில் அவர் தொடங்கிய பள்ளியில், முதல் வகுப்பிலேயே பெண்கள்!

அமெரிக்காவில் பெயருக்குப் பின்னால் ‘டி.ஓ.’ போட்டிருப்பவர் முழு டாக்டர் என்பது தெரியுமா? மருந்து எழுதுவார், ஆபரேஷனும் செய்வார். 2020-ல் டிரம்புக்குக் கொரோனா வந்தபோது பார்த்த வெள்ளை மாளிகை டாக்டர் ஷான் கான்லி ஒரு டி.ஓ.! 1962-ல் கலிஃபோர்னியாவில் 65 டாலர் கட்டி டி.ஓ.க்கள் எம்.டி. ஆன கூத்தும் நடந்தது.

பிரிட்டனில் கதையே வேறு. அங்கே ஆஸ்டியோபத் முக்கியமாகக் கையால் வைத்தியம் பார்ப்பவர். ஆனால் 1993-ல் வந்த சட்டப்படி, அதற்கான கவுன்சிலில் பதியாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் குற்றம்! பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே போகலாம்.

முதல் நாள் போனதும் மேஜையில் படுக்கவைத்து முறுக்குவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? முதலில் கேள்விக்கணை! எப்போது வலி, எப்படித் தூக்கம், என்ன மாத்திரை... பிறகு உடைகள் சிலவற்றைக் கழற்றச் சொல்லி, குனி, நிமிர், திரும்பு. (கூச்சமா? ஷார்ட்ஸ் கொண்டுபோங்கள், கூடவே ஓர் ஆளை வைத்துக்கொள்ளவும் கேட்கலாம்.) வலிப்பது முழங்கால், அவர் தடவிப் பார்ப்பதோ இடுப்பையும் பாதத்தையும்!

அப்புறம், முதுகை அழுத்தித் திருப்பும்போது கேட்கும் அந்த ‘டொக்’. விலகின எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். இல்லவே இல்லை! விரலில் நெட்டி முறிப்பதும் இதுவும் ஒன்றுதான். 2015-ல் கனடா ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. ஓடும்போதே விரலை இழுத்துப் பார்த்தார்கள்: மூட்டு பிரியும் நொடியில் உள்ளே இருக்கும் திரவத்தில் வாயு நிறைந்த குழி ஒன்று தோன்றுகிறது. அதே மூட்டு மறுபடி சொடுக்க இருபது நிமிஷம்போல ஆகும். ஆகவே சத்தம் வரவில்லையே, காசு வீணா என்று கவலைப்பட வேண்டாம். மறுநாள் உடம்பு வலித்தால் மிரளவும் வேண்டாம், ஓரிரு நாளில் அடங்கும்.

எலும்புத் தேய்மானம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கர்ப்பம், பழைய புற்றுநோய், இதையெல்லாம் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது, மிக அபூர்வமாக, ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. ‘கழுத்து வேண்டாம்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

எல்லா நோய்க்கும் இதுவே மருந்தா? அப்படிச் சொல்பவர் அடுத்த ஆளிடம் போய்ச் சொல்லட்டும்! பிரிட்டனின் 2016 மருத்துவ வழிகாட்டி, கீழ் முதுகுவலிக்குக் கை வைத்தியத்தை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே ஏற்கிறது. மண்டை எலும்பை மெல்லத் தொட்டே குழந்தையின் வயிற்றுவலியைத் தீர்ப்பேன் என்பவரிடம் வலுவான ஆதாரம் கிடையாது.

முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடை நடுவே மரத்துப்போகிறது, கால் துவளுகிறது என்றால் எந்த ஆஸ்டியோபத்திடமும் நேரம் கேட்காதீர்கள். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்!