டேப் வெட்டி விக்கிறதுல லாபம் இருக்கா? டை கட்டிங் பிசினஸில் சேமிப்பைப் போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு



உங்க கையில இருக்கிற போனைக் கொஞ்சம் பாருங்க. உள்ள பேட்டரி ஆடாம இருக்கக் காரணம் ஸ்க்ரூ இல்லை, பெரும்பாலான மாடல்கள்ல அது ஒரு டேப் துண்டு. கேமராவைச் சுத்தி தூசி போகாம தடுக்கிறது ஒரு மெல்லிய ஃபோம் வளையம். காரோட பின்னாடி இருக்கிற கம்பெனி பேட்ஜ், கதவு ஓரப் பட்டி, ஆஸ்பத்திரியில நெஞ்சுல ஒட்டுற ஈசிஜி பட்டன், எல்லாத்துக்கும் பின்னாடி ஒட்டுற தன்மை உள்ள ஒரு துண்டு இருக்கு.

இந்தத் துண்டுகளை 3எம், டெசா, நிட்டோ மாதிரி டேப் தயாரிக்கிற கம்பெனிகள் பெரும்பாலும் நேரடியா வெட்டித் தர்றதில்லை. அவங்க பெரிய ரோலாத்தான் கொடுப்பாங்க. அதை வாங்கி, வாடிக்கையாளர் கேட்கிற வடிவத்துல வெட்டிக் கொடுக்கிறவங்களுக்கு ‘கன்வர்ட்டர்’னு பேரு. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், ஓசூர் பக்கம் போன், கார், எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, “மச்சி, டை கட்டிங் யூனிட் போடலாம், நீ ஒரு அஞ்சு லட்சம் போடு”ன்னு கேட்கிற ஃபிரெண்டுகளும் பெருகிட்டாங்க.

பதில் சொல்றதுக்கு முன்னாடி, இந்தத் தொழில்ல பணம் எங்க வருது, எங்க மாட்டுதுன்னு பார்த்துடலாம்.

தொழில் என்ன, சுருக்கமா

முதல்ல அகலமான ஜம்போ ரோலைத் தேவையான அகலத்துக்கு நீளவாக்குல அறுப்பாங்க. இது ஸ்லிட்டிங். அடுத்து, தேவைப்பட்டா ஃபோம் மேல டேப், டேப் மேல ஃபிலிம்னு அடுக்கி ஒட்டுவாங்க. இது லேமினேஷன். அப்புறம்தான் டை கட்டிங். மரப்பலகையில ஸ்டீல் பிளேடை வளைச்சுப் பதிச்ச டையை வெச்சு அழுத்தி வெட்டலாம். ஆர்டர் பெருசா இருந்தா உருளை வடிவ ரோட்டரி டை. சாம்பிள் மட்டும்னா, டை செய்யாம லேசர்ல வெட்டலாம்.

இதுல ‘கிஸ் கட்’னு ஒண்ணு உண்டு. டேப் மட்டும் வெட்டுப்படணும், அடியில இருக்கிற லைனர் பேப்பர் வெட்டுப்படக் கூடாது. ஸ்டிக்கர் ஷீட் மாதிரி தொழிலாளி ஒவ்வொண்ணா உரிச்சு ஒட்டணும்ல, அதுக்குத்தான். பிளேடு கொஞ்சம் ஆழமா இறங்கினா லைனர் கிழியும். கொஞ்சம் மேல நின்னா துண்டு உரியாது. இந்தத் தொழிலோட திறமை பாதி இதுலதான்.

வாடிக்கையாளர் ஏன் காசு கொடுக்கிறார்?

ஒரு தொழிற்சாலையில தொழிலாளி ரோல்ல இருந்து டேப்பைக் கத்தரிச்சு ஒட்ட 20 விநாடி ஆகுதுன்னு வைங்க. வெட்டித் தயாரா, உரிக்கிறதுக்கு ஒரு சின்னக் காதும் வெச்சுக் கொடுத்தா 5 விநாடி. மிச்சம் 15 விநாடி. மாசம் 1 லட்சம் துண்டுன்னா 15 லட்சம் விநாடி, அதாவது சுமார் 416 மணி நேரம். 8 மணி நேர ஷிஃப்டா பிரிச்சா 52 ஷிஃப்ட். மாசம் 26 நாள் வேலை பார்க்கிற ரெண்டு பேரோட முழு உழைப்பு!

அதனால இந்தத் தொழில்ல விக்கிறது டேப் மட்டும் இல்லை, நேரமும் சேர்த்துத்தான். “மார்க்கெட்டை விட பத்து பைசா கம்மியா தர்றேன்”னு போறவரை விட, “உங்க லைன்ல இத்தனை விநாடி குறைச்சுத் தர்றேன்”னு போறவருக்குத்தான் மார்ஜின் நிக்கும். உங்க ஃபிரெண்ட் இதுல எந்த ரகம்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க.

கணக்கு 1: வேஸ்ட்

இனி வர்ற ரூபாய் கணக்கு எல்லாம் புரியறதுக்காக எடுத்துக்கிட்ட உதாரணம். உங்க யூனிட்டோட நிஜ விலையைப் போட்டுப் பாருங்க.

ஒரு டிஸ்ப்ளேயைச் சுத்தி ஒட்ட ஒரு சதுர ஃபிரேம் வேணும். வெளி அளவு 40 மி.மீ., உள்ள ஓட்டை 34 மி.மீ. அதாவது சுத்திலும் 3 மி.மீ. அகலப் பட்டி. ரோல் 100 மி.மீ. அகலம், 50 மீட்டர் நீளம், விலை 5,000 ரூபாய். அகலத்துல 2 துண்டு வரும். நீளத்துல இடைவெளியோட சேர்த்து ஒரு துண்டுக்கு 43 மி.மீ. ஆக 1,162 வரிசை, மொத்தம் 2,324 துண்டு. செட்டிங், ரிஜெக்ஷன்னு 5% கழிச்சா 2,207 நல்ல துண்டு. ஒரு துண்டுக்கு மெட்டீரியல் செலவு 2.27 ரூபாய்.

இப்ப பரப்பளவைப் பாருங்க. ஃபிரேமோட உண்மையான பரப்பு 444 சதுர மி.மீ. தான். ஒரு வரிசைக்கு நாம செலவழிக்கிறது 4,300 சதுர மி.மீ. அதுல ரெண்டு ஃபிரேம்னா 888. அதாவது காசு கொடுத்து வாங்கின டேப்புல சுமார் 21% தான் வாடிக்கையாளருக்குப் போகுது. மிச்சம் 79% குப்பைத் தொட்டிக்கு!

சரி, இதை எப்படிக் குறைக்கிறது? அதே ரோலை 90 மி.மீ. அகலத்துல வாங்கினா விலை 4,500. ரெண்டு துண்டும் அப்படியே உட்காரும். செலவு 2.04 ரூபாய் ஆயிடும். வித்தியாசம் 23 பைசாதான். ஆனா மாசம் 1 லட்சம் துண்டுக்குச் சுமார் 22,600 ரூபாய். ஒரு உதவியாளரோட சம்பளமே அதுல வந்துடும். நடுவுல விழுற 34 மி.மீ. சதுரத்துல வேற சின்னத் துண்டு வெட்ட ஆர்டர் கிடைச்சா இன்னும் லாபம்.

இந்தத் தொழில் தெரிஞ்சவர்கிட்ட “ஈல்டு எவ்வளவு?”ன்னு கேட்டா உடனே நம்பர் சொல்வார். முழிச்சார்னா அங்கேயே நிறுத்திக்கலாம்.

கணக்கு 2: லாபம் இருக்கு, கையில பணம் இல்லை

பல பேர் மாட்டுறது இங்கதான். அதே ஃபிரேமை 3.50 ரூபாய்க்கு விக்கிறீங்க. மாசம் 1 லட்சம் துண்டு.

விற்பனை: 3,50,000
மெட்டீரியல்: 2,04,000
கூலி, வாடகை, கரண்ட், டை: 80,000
லாபம்: 66,000

பேப்பர்ல பார்க்க அருமையா இருக்கு. இப்ப பணம் நகர்றதைப் பாருங்க. பிளாஸ்டிக் ஒட்டும் டேப்புக்கு ஜிஎஸ்டி 18%. மெட்டீரியலுக்கு வரியோட 2,40,720 கொடுக்கணும். செலவு 80,000. விற்பனை மேல 63,000 வரி, அதுல வாங்கினப்ப கட்டின 36,720 கழிச்சு 26,280 அரசாங்கத்துக்குக் கட்டணும். மாதாந்திர ரிட்டர்ன்னா அடுத்த மாசம் 20ஆம் தேதிக்குள்ள. வாடிக்கையாளர் உங்களுக்குக் காசு கொடுத்தாரா இல்லையான்னு ஜிஎஸ்டி கேட்காது.

ஆக மாசம் கையை விட்டுப் போறது 3,47,000 ரூபாய். வாடிக்கையாளர் 90 நாள் கிரெடிட் கேட்டா, எப்பவுமே மூணு மாசப் பணம் வெளியில நிக்கும். சுமார் 10.4 லட்சம்! இதுல மெஷின் விலை சேரலை, முன்கூட்டியே வாங்கி வைக்கிற ரோல் ஸ்டாக்கும் சேரலை. இந்தப் பணத்துக்கு 12% வட்டின்னா மாசம் 10,400 ரூபாய், அந்த 66,000-ல இருந்துதான் போகும். இதே கிரெடிட் 45 நாள்னா மாட்டுற பணம் பாதி, 5.2 லட்சம்.

இப்ப நீங்க பர்சனல் லோன் எடுத்துப் போட்டீங்கன்னா? 5 லட்சம், 14%, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 17,100. முதல் பில்லுக்குக் காசு வர்றதுக்குள்ளயே மூணு இஎம்ஐ, 51,000 ரூபாய்க்கு மேல உங்க சம்பளத்துல இருந்து போயிருக்கும். பிசினஸ்ல லாபம் வரலாம், ஆனா அது உங்க இஎம்ஐ தேதிக்கு வராது.

45 நாள் சட்டம் தெரியுமா?

குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் கொஞ்சம் துணை நிக்குது. 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல பேமெண்ட் தள்ளக் கூடாது. ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தாண்டினா, ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. இதுக்கு மேல, 2023 நிதிச் சட்டத்துல வருமான வரியிலும் 43பி(எச்) பிரிவைக் கொண்டு வந்தாங்க. குறு, சிறு நிறுவனத்துக்கு நேரத்துல பணம் தரலைன்னா, வாங்கினவர் அந்தச் செலவை உண்மையில பணம் கொடுத்த வருஷத்துலதான் கழிச்சுக்க முடியும்.

இதுக்கு உத்யம் பதிவு வேணும். அரசு தளத்துல இலவசம், யாருக்கும் ஃபீஸ் கட்ட வேண்டாம். சப்ளை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பண்ணிடணும். உற்பத்தி நிறுவனமா பதியணும். வெறுமனே ரோலை வாங்கி விக்கிற டிரேடருக்கு இந்தத் தாமதப் பேமெண்ட் பாதுகாப்பு கிடையாது.

ஆனா நிஜத்தையும் சொல்லணும். ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி இருக்கிறவர் அவர் மேலேயே புகார் கொடுப்பாரா? யோசிப்பார். அதனால புகாரை விட பயனுள்ளது ட்ரெட்ஸ் தளங்கள். வாடிக்கையாளர் அந்த பில்லை ஏத்துக்கிட்டா, வங்கிகள் போட்டி போட்டு அதைத் தள்ளுபடி விலையில வாங்கி உங்களுக்கு முன்கூட்டியே பணம் தரும். 250 கோடிக்கு மேல டர்ன்ஓவர் உள்ள கம்பெனிகள் இதுல பதியணும்னு விதி இருக்கு. உங்க வாடிக்கையாளர் அதுல பில்லை ஏத்துக்குவாரான்னு ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுடுங்க.

யாரும் சொல்லாத மூணு ரிஸ்க்

முதல் ரிஸ்க், டேப்பை நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. கார், போன் கம்பெனிகள் டிராயிங்லயே எந்த பிராண்டு, எந்த நம்பர்னு எழுதியிருப்பாங்க. அதோட விலையும் அவங்களுக்குத் தெரியும். அனுமதி இல்லாம விலை குறைஞ்ச டேப்பை மாத்தினா, கதை முடிஞ்சது.

ரெண்டாவது, டேப்புக்கு வயசு உண்டு. பால் பாக்கெட் மாதிரி இல்லைன்னாலும், தயாரிச்ச தேதியில இருந்து கணக்கு ஓடும். சூட்டுல, ஈரத்துல வெச்சா சீக்கிரம் கெடும். வாடிக்கையாளர் மாடலை மாத்திட்டா டையும் வேஸ்ட், அந்த அளவுக்கு அறுத்து வெச்ச ரோலும் வேஸ்ட்.

மூணாவது, ஒட்டலைன்னா பழி உங்க மேல. பாலிப்ரொப்பிலீன் மாதிரி பிளாஸ்டிக்ல சாதாரண டேப் சரியா ஒட்டாது, பிரைமரோ சிறப்பு டேப்போ வேணும். வலுவான அக்ரிலிக் ஃபோம் டேப்புகள் முழு பலத்துக்கு வர அறை வெப்பத்துல 72 மணி நேரம் வரைக்கும் ஆகும். அவங்க ஒட்டின பத்தாவது நிமிஷம் இழுத்துப் பார்த்துட்டு “உங்க மெட்டீரியல் சரியில்லை”ன்னு டெபிட் நோட் போட்டுடுவாங்க. பாதி மாச லாபம் ஒரு டெபிட் நோட்டுல போயிடும். அதனால எந்தப் பரப்பு, எப்படிச் சுத்தம் பண்ணணும், எப்ப டெஸ்ட் பண்ணணும்னு சாம்பிள் கொடுக்கும்போதே எழுத்துல வாங்கிக்கிறவர்தான் நிலைப்பார்.

உங்க பேரு எங்க வருது?

“நீ சும்மா ஸ்லீப்பிங் பார்ட்னரா இரு மச்சி”ன்னு சொன்னா உஷாராகுங்க. 1932 கூட்டாண்மைச் சட்டப்படி சாதாரண பார்ட்னர்ஷிப்ல, தூங்கிற பார்ட்னரும் மொத்தக் கடனுக்கும் பொறுப்பு. நீங்க போட்ட அஞ்சு லட்சத்தோட நிக்காது, உங்க சொந்தச் சொத்து வரைக்கும் வரும். எல்எல்பியா இருந்தா பொதுவா நீங்க ஒத்துக்கிட்ட தொகையோட பொறுப்பு நிக்கும். ஆனா அங்கேயும் வங்கிக் கடனுக்குப் பர்சனல் கேரண்டி கையெழுத்துப் போட்டா அந்தப் பாதுகாப்பு போச்சு. அவர் கட்டலைன்னா உங்க சிபில் ஸ்கோர் விழும், நாளைக்கு உங்க வீட்டுக் கடன் நிக்கும்.

இன்னொண்ணு, உங்க வேலை ஒப்பந்தத்துல வேற தொழில்ல பங்கு இருக்கக் கூடாதுன்னு வரி இருக்கான்னு பாருங்க. நீங்க வேலை பார்க்கிற கம்பெனியே வாடிக்கையாளரா வரப்போகுதுன்னா, எச்ஆர்கிட்ட எழுத்துல சொல்லாம ஒரு அடி கூட வைக்காதீங்க.

பணம் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. கையில பர்ச்சேஸ் ஆர்டர் இருக்கா, இல்லை “தர்றேன்னு சொல்லியிருக்காங்க”ளா?
2. முதல் வாடிக்கையாளர் மொத்த விற்பனையில எத்தனை சதவீதம்?
3. கிரெடிட் எத்தனை நாள்? எழுத்துல இருக்கா?
4. ஈல்டு எவ்வளவு? ரிஜெக்ஷன் எவ்வளவு?
5. மெஷின் வாங்கிற பணம் போக, மூணு மாச ஓட்டத்துக்குப் பணம் எங்க இருக்கு?
6. மெஷின் வாங்காம, ஏற்கனவே இருக்கிற யூனிட்ல ஜாப் வொர்க் கொடுத்து முதல் ஆறு மாசம் ஓட்ட முடியாதா?

ஆறாவது கேள்வி ரொம்ப முக்கியம். ஆர்டர் பிடிக்கிற திறமை இருந்தா மெஷின் இல்லாமலே அது தெரிஞ்சுடும். அந்தத் திறமை இல்லைன்னா மெஷின் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அஞ்சாவது கேள்விக்குப் பதில் “அதெல்லாம் பார்த்துக்கலாம்”னு வந்தா, அந்தப் பணம் உங்ககிட்ட இருந்துதான் வரணும்னு அர்த்தம். முதல்ல அஞ்சு, அப்புறம் ஒரு மூணு, அப்புறம் பிஎஃப்ல கொஞ்சம்னு போகும்.

எல்லாத்துக்கும் தெளிவான பதில் கிடைச்சா, இது நல்ல தொழில்தான். தாராளமா போடுங்க. ஆனா ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டையும் பிஎஃப்பையும் தொடாம, கடன் வாங்காம, முழுசா போனாலும் உங்க மாசச் சம்பளம் அடி வாங்காத தொகையை மட்டும் போடுங்க. அந்தத் தொகை 5 லட்சம் இல்லை, 80 ஆயிரம்தான்னா, 80 ஆயிரம்னே சொல்லுங்க. நட்பும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்.

உங்க ஃபிரெண்ட் கொடுத்த புராஜெக்ட் ரிப்போர்ட் கையில இருந்தா, இன்னைக்கு ராத்திரியே கணக்கு 2-ல இருக்கிற நம்பரை எடுத்துட்டு அவரோட நம்பரைப் போட்டுப் பாருங்க. பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.