படநூல் வழியே மழலையர் தமிழ்

பாலர் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் கேட்டு வளரும் நம் குழந்தைகள் பலருக்கு, முதலாம் ஆண்டில்தான் தமிழ் நூல் கைக்கு வருகிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. எம்மொழிப் படநூலையும் நாம் தமிழில் சொல்லலாம்.

எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட, பசித்த கம்பளிப்புழுவின் கதையை எடுத்துக்கொள்வோம். புழு திங்கட்கிழமை ஓர் ஆப்பிளையும் செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய்களையும் தின்கிறது. வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சுகள். தின்ற இடமெல்லாம் தாளில் துளை. குழந்தை விரலை நுழைத்து எண்ணும்போது கிழமை, எண், பழம் மூன்றும் தமிழில் பதிகின்றன. ஒருமை பன்மையும் இலக்கணம் சொல்லாமலே விளங்குகிறது.

அடுத்து, மணிலா அட்டையில் ரம்புத்தான், மங்குஸ்தீன், டுரியான் வரைந்து துளையிடுங்கள். ஒரு கயிற்றைப் புழுவாக்கி, குழந்தையையே கதை சொல்லவிடுங்கள். "இது என்ன?" என்று கேட்டால் ஒரு சொல்தான் வரும், "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டால் வாக்கியம் வரும். இடையில் மலாய்ச் சொல் கலந்தால் கண்டிக்க வேண்டாம். அதே வாக்கியத்தை நாம் தமிழில் திரும்பச் சொன்னால் போதும்.

2015-இல் தொடங்கப்பட்ட ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நண்பர்களே, விடுமுறையில் வீடு திரும்பும்போது தம்பி தங்கையரோடு பத்து நிமிடம் அமருங்கள். பேசிப் பழகிய நாவுக்கே எழுத்தும் எளிதாகும்.