கஞ்சா கார்டு வாங்கித் தரும் கம்பெனிகள்: அமெரிக்காவில் நோயாளிகள் ஏமாறுவது எப்படி?

அமெரிக்காவில் பல மாகாணங்களில் புற்றுநோய், வலிப்பு, தீராத வலியால் அவதிப்படுபவர்கள் டாக்டர் சிபாரிசுடன் கஞ்சா வாங்கலாம். அதற்கு அடையாள கார்டு வேண்டும். "பத்தே நிமிஷம் டாக்டர்கிட்ட போன்ல பேசுங்க, கார்டு ரெடி. கிடைக்கலேன்னா பணம் வாபஸ்" என்று விளம்பரம் செய்யும் தனியார் கம்பெனிகள் அங்கு பெருகி விட்டன. இவர்களை நம்பினால் காசு மட்டுமல்ல, சொந்த விவரங்களும் பறிபோகும் ஆபத்து இருக்கிறது.

இதன் விவரம் வருமாறு:-

புரோக்கர் ஏன் வந்தார்?

1996-ம் ஆண்டு கலிபோர்னியா மக்கள் ஓட்டுப்போட்டு மருத்துவ கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்தனர். 2016-ல் புளோரிடா, 2018-ல் ஓக்லஹோமா என்று மற்ற மாகாணங்களும் இதே வழியில் வந்தன. ஆனால் 1970-ல் வந்த மத்திய அரசு சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. அதனால் மற்ற மருந்துக்கு எழுதுவது போல டாக்டர்கள் இதற்கு சீட்டு எழுதுவதில்லை. சிபாரிசு சான்றிதழ்தான் தருவார்கள். வழக்கமாக பார்க்கும் டாக்டர்கள் பலர் அதற்கும் தயங்குவதால், இடையில் கம்பெனிகள் புகுந்து விட்டன.

நம்மூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கர் கதைதான். லைசென்ஸ் கொடுப்பது ஆபீஸ், காசு வாங்குவது புரோக்கர்!

இரட்டை செலவு

புளோரிடாவில் கார்டு தருவது மாகாண அரசு. கட்டணம் 75 டாலர். வருஷா வருஷம் கட்ட வேண்டும். டாக்டர் சான்றிதழையும் 210 நாட்களுக்குள் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் டாக்டர் பீஸ் தனி. முதல் பரிசோதனைக்கு அங்கு நேரில் போயே தீர வேண்டும். 'போனிலேயே முதல் கார்டு' என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது.

கலிபோர்னியாவில் உண்மையான கார்டை கவுண்டி சுகாதாரத்துறைதான் தரும். கட்டணம் 100 டாலருக்கு மேல் போகாது. அரசு மருத்துவ உதவி பெறும் ஏழைகளுக்கு பாதிதான். இந்த கார்டு இருந்தால் விற்பனை வரி கிடையாது. தனியார் கிளினிக் அச்சடித்துக் கொடுக்கும் அட்டைக்கு அந்த சலுகை இல்லை.

உடம்புக்கும் ஆபத்து

'கார்டு இல்லையென்றால் பணம் வாபஸ்' என்றால், 'வேண்டாம்' என்று சொல்லும் டாக்டரால் கம்பெனிக்கு நஷ்டம். அப்புறம் யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு கஞ்சா ஒத்துவராமல் போகலாம். மனநோய் வந்தவர்கள், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். அவசரத்தில் கையெழுத்து போடும் டாக்டர் இதையெல்லாம் விசாரிப்பாரா என்பதுதான் கவலை.

திறந்து கிடந்த தகவல்கள்

கார்டுக்காக டிரைவிங் லைசென்ஸ், சோஷியல் செக்யூரிட்டி நம்பர், நோய் விவரம் எல்லாவற்றையும் கொடுக்கிறார்கள். ஓஹியோ மாகாணத்தில் இப்படிப்பட்ட ஒரு கம்பெனியுடையது என்று கருதப்படும் 9 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள், பாஸ்வேர்டு கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது 2025-ல் தெரிய வந்தது.

நம்ம ஊர் பிள்ளைகள் கவனத்துக்கு

அங்கே விசாவிலும் கிரீன் கார்டிலும் இருக்கும் நம்மவர்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். மாகாண சட்டப்படி சரியாக இருந்தாலும், கஞ்சா பயன்படுத்தியது குடியுரிமை மனுவுக்கு தடையாகலாம் என்று அமெரிக்க குடியேற்றத்துறை 2019-ல் அறிவித்தது. வக்கீலைக் கேட்காமல் கார்டுக்கு மனு போடக்கூடாது.

அந்த கார்டு இங்கே செல்லவும் செல்லாது. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்பு சட்டப்படி கஞ்சா வைத்திருப்பது குற்றம். பெட்டியில் போட்டு வந்தால் மீனம்பாக்கத்தில் இறங்கியதும் கம்பி எண்ண வேண்டியதுதான்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் வழக்கமான டாக்டரிடம் மனம்விட்டு கேட்க வேண்டும். கட்டணம், விதிமுறைகளை மாகாண அரசின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். சான்றிதழ் தரும் டாக்டரின் லைசென்ஸ் உண்மைதானா என்று மாகாண மருத்துவ வாரியத்தில் சரிபார்க்கலாம். சாப்பிடும் மருந்துகளைக் கூட கேட்காத டாக்டரிடம் பணம் கட்டாமல் எழுந்து வருவதே நல்லது.